குளிர்முறைச் சோப்பில் காஸ்டிக் சோடா செய்யும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலை அடுப்பில் காய்ச்சாமல் எண்ணெயோடு கலந்து சோப்பாக்குவதுதான் குளிர்முறை. வீட்டில் இப்படிச் சோப்பு செய்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. கலவை கெட்டிப்படவில்லை, மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது, குளித்தால் எரிகிறது என்பவைதான் அடிக்கடி வருபவை. கேட்கிறவர் பெரும்பாலும் வாசனை எண்ணெயையோ வானிலையையோ சந்தேகிப்பார். பாத்திரத்துக்குள் உண்மையில் எத்தனை கிராம் காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, போனது, அது எந்த எண்ணெயில் எத்தனை கிராமோடு சேர்ந்தது என்று விசாரித்துக்கொண்டே போனால் பெரும்பாலான கோளாறுகள் அங்கேயே பிடிபட்டுவிடும். ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் தராசையும் காஸ்டிக் சோடா டப்பாவையும் பார்த்துவிட்டு, பிறகு கீழே உள்ள பகுதிகளுக்கு வாருங்கள்.

கணக்குக்கு ஓர் அளவு வேண்டும் என்பதால் இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே செய்முறையை வைத்துப் பேசுகிறேன். தேங்காய் எண்ணெய் 500 கிராம், கடலை எண்ணெய் 400 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம், காஸ்டிக் சோடா 150 கிராம், தண்ணீர் 300 கிராம். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற 0.183 கிராம் காஸ்டிக் சோடாவும், கடலை எண்ணெய்க்கு 0.136 கிராமும், விளக்கெண்ணெய்க்கு 0.128 கிராமும் தேவை. மொத்தத் தேவை 158.7 கிராம். நாம் 150 மட்டும் போடுவதால் நூற்றுக்கு ஐந்து பங்குக்குச் சற்றே கூடுதலான எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சி, தோலுக்குப் பாதுகாப்பாக நிற்கிறது.

## கரைசல் உடலில் பட்டுவிட்டது

மற்ற எல்லாவற்றுக்கும் முன் இது. தோலில் பட்டால் நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். வழுவழுப்பு போகும் வரை கழுவுவது போதாது, அது போன பிறகும் கழுவ வேண்டும். வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றி "முறிக்க" முயலாதீர்கள், அமிலமும் காரமும் சேரும்போது எழும் வெப்பம் அதே புண்ணின் மேல்தான் இறங்கும். கண்ணில் தெறித்தால் இமையை விரித்துப் பிடித்துத் தண்ணீரை இடைவிடாமல் ஓடவிட்டு, எரிச்சல் குறைந்ததுபோல் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாயைக் கொப்பளிக்கச் செய்துவிட்டு 108ஐ அழைப்பதுதான் செய்ய வேண்டியது. கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை ஆகிய மூன்றும் இல்லாதபோது டப்பாவின் மூடியையே திறக்காதீர்கள்.

## தண்ணீரில் போட்டும் சூடு ஏறவில்லை

150 கிராம் நல்ல காஸ்டிக் சோடாவை 300 கிராம் தண்ணீரில் கரைத்தால் கரைசல் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறிவிடும், பாத்திரத்தைத் தொட முடியாது. வெதுவெதுப்போடு நின்றுவிட்டால் மூன்று காரணங்கள் இருக்கலாம்.

அளவு குறைந்திருக்கிறது. தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். பத்து ரூபாய் நாணயங்கள் பத்தை ஒன்றாக வைத்தால் சுமார் 77 கிராம் காட்ட வேண்டும். இரண்டு கிராம் தள்ளிக் காட்டினால் மின்கலத்தை மாற்றிவிட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள். அப்போதும் தள்ளியிருந்தால் அந்தத் தராசு சோப்புக்கு ஆகாது.

காஸ்டிக் சோடாச் செதில்கள் ஈரம் குடித்திருக்கின்றன. மூடி சரியாக இல்லாத டப்பாவில் செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, மேலே ஈரம் பளபளக்கும். அவை காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சிக்கொள்பவை. நூற்றுக்குப் பத்துப் பங்கு இப்படி வீணாகியிருந்தால் நீங்கள் நிறுத்த 150 கிராமில் 135 கிராம்தான் வேலை செய்யும். மிச்ச எண்ணெய் ஐந்து பங்கிலிருந்து பதினைந்து பங்குக்குத் தாவிவிடும்.

பொருளே வேறு. சலவைச் சோடாவைக் காஸ்டிக் சோடா என்று கட்டிக்கொடுக்கும் கடைகள் உண்டு. ஒரு சிட்டிகையை எவர்சில்வர் கரண்டியில் வைத்து, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நன்றாக நுரைத்தால் அது கார்பனேட், அதாவது சலவைச் சோடா. தூய சோடியம் ஹைட்ராக்சைடு சூடாகும், நுரைக்காது. லேசாக மட்டும் நுரைத்தால் சரக்கு பழையது. இரண்டிலும் தீர்வு, அடையாளச் சீட்டில் தூய்மை 98 விழுக்காட்டுக்குக் குறையாமல் அச்சிட்ட புதிய பொட்டலம் வாங்குவதுதான். கூடுதலாகக் கொஞ்சம் போட்டுச் சமாளிக்கலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள், எவ்வளவு வீணாகியிருக்கிறது என்பதை வீட்டில் அளக்க வழியில்லை. அடைப்பு நீக்கும் பொடிகளையும் தொடாதீர்கள். அவற்றில் சில அலுமினியத் துணுக்குகள் கலந்து வருபவை.

## கரைசல் கொப்பளிக்கிறது, பாத்திரம் கறுக்கிறது

இங்கே ஆராய நேரமில்லை. பாத்திரம் அலுமினியம். இண்டாலியக் கடாயும், பூச்சு உரிந்த நான்ஸ்டிக் சட்டியும் இதில் அடக்கம். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றுகிறது, அது தீப்பற்றும் வாயு. அடுப்பை அணையுங்கள், சன்னல்களைத் திறங்கள், பாத்திரத்தைப் பத்திரமாகத் தூக்க முடிந்தால் மட்டும் திறந்த வெளிக்கு எடுத்துச் செல்லுங்கள், கொப்பளிப்பு அடங்கும் வரை பக்கத்தில் நிற்காதீர்கள். அந்தக் கரைசலைச் சோப்புக்குப் பயன்படுத்த முடியாது.

துத்தநாகம் பூசிய வாளியும் ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரமும் இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்யாமல் மெல்லக் கரையும் என்பதால் இன்னும் ஏமாற்றுபவை. எவர்சில்வர், அல்லது அடியில் 5 என்ற எண் பொறித்த பாலிபுரொப்பிலீன் குவளை போதும். கண்ணாடிக் குவளை சில முறை தாங்கும், ஆனால் காரம் அதை உள்ளிருந்து அரித்துக்கொண்டே இருப்பதால் ஒருநாள் சூட்டில் விரிசல் விடும்.

## கரைசல் கலங்குகிறது, அல்லது அடியில் கல்லாக இறுகுகிறது

கலங்கலுக்கு ஆழ்குழாய்த் தண்ணீர்தான் முதல் காரணம். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் காரத்தில் வெண்பொடியாகப் படிந்துவிடும். காய்ச்சி வடித்த நீருக்கோ ஆர்ஓ நீருக்கோ மாறியும் கலங்கினால், மேலே சொன்ன வினிகர் சோதனைக்குப் போங்கள்.

அடியில் இறுகியிருந்தால், செதிலின் மேல் தண்ணீரை ஊற்றியிருக்கிறீர்கள். எப்போதும் தண்ணீரில்தான் செதிலைத் தூவ வேண்டும். மாற்றிச் செய்தால் கட்டிக்குள் சூடு சிக்கிக் கொதித்துத் தெறிக்கும். கட்டியைக் கரண்டியால் குத்தி உடைக்காமல், ஆறவிட்டு மெல்லக் கிளறினால் தானே கரையும்.

பாலில் கரைத்தவர்களுக்குக் கரைசல் ஆரஞ்சு நிறமாகி அம்மோனியா நெடி அடிப்பது வழக்கமான புகார். பாலின் சர்க்கரை கருகுவதும் புரதம் சிதைவதும்தான் அது. பாலை உறையவைத்துக் கட்டியாக்கி, அதன் மேல் செதிலைச் சிறிது சிறிதாகத் தூவினால் இது வெகுவாகக் குறையும்.

## எவ்வளவு கலக்கியும் கெட்டிப்படவில்லை

கலவையைத் தூக்கி ஊற்றினால் மேற்பரப்பில் கோடு கோடாகத் தடம் நிற்க வேண்டும். சோப்பு செய்கிறவர்கள் இதைத்தான் ட்ரேஸ் என்கிறார்கள். அது வராவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள்.

கையால் கலக்குகிறீர்களா? அப்படியானால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம், அது கோளாறல்ல. கைப் பிளெண்டரில் சில நிமிடங்களில் வந்துவிடும்.

எண்ணெயும் கரைசலும் ஆறிப்போயிருக்கின்றனவா? இரண்டும் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கட்டும்.

தண்ணீர் கூடிவிட்டதா? காஸ்டிக் சோடாவைப் போல இரு மடங்கு தண்ணீர் என்பது நம் அளவு. மூன்று மடங்கு ஊற்றினால் ட்ரேஸ் வெகுவாகத் தள்ளிப்போகும். பொறுமை மட்டுமே மருந்து.

இவை எல்லாம் சரி என்றால் காஸ்டிக் சோடா வலுவிழந்திருக்கிறது, அல்லது எடை குறைந்திருக்கிறது. அதற்கு "தண்ணீரில் போட்டும் சூடு ஏறவில்லை" என்ற பகுதிக்குத் திரும்புங்கள். ஊகத்தில் மேலும் கரைசல் ஊற்றி ட்ரேஸை வரவழைப்பதைவிட அந்தக் கலவையைக் கொட்டிவிடுவது மலிவு.

இதற்கு நேர்மாறான ஏமாற்று ஒன்றும் உண்டு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மார்கழிக் காலையில் கலக்கினால், வினை நடக்காமலேயே எண்ணெய் உறைந்து கலவை கெட்டியானதுபோல் தோன்றும். அதை அச்சில் ஊற்றினால் அடுத்த நாள் பிரிந்துவிடும். கலவையை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து 40 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். தடம் அப்போதும் நின்றால் அது உண்மையான ட்ரேஸ், கரைந்து ஓடினால் மேலும் கலக்க வேண்டும்.

## ஊற்றுவதற்குள் கல்லாகிவிட்டது

கிராம்பு எண்ணெய், இலவங்கப்பட்டை எண்ணெய், சில செயற்கை வாசனைகள் ஆகியவைதான் பெரும்பாலும் குற்றவாளிகள். கிராம்பிலுள்ள யூஜினால் தானே காரத்தோடு வினைபுரிந்து கலவையை இறுகச் செய்கிறது. வாசனையைக் கடைசியில், பிளெண்டரை அணைத்துவிட்டுக் கரண்டியால் சேருங்கள். அடுத்த முறை வெப்பநிலையை 35 டிகிரிக்கு இறக்குங்கள். இறுகிய கலவை வீணல்ல. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து வேகவிட்டு, கூழானதும் அச்சில் அழுத்தினால் அழகு குறைந்த, குணம் குறையாத சோப்பு கிடைக்கும்.

## அச்சிலிருந்து பொங்குகிறது, அல்லது நடுவில் வெடிக்கிறது

தேன், கருப்பட்டி, தேங்காய்ப் பால் ஆகிய மூன்றில் ஒன்று சேர்த்திருப்பீர்கள். சர்க்கரை உள்ள எதுவும் வினையின் சூட்டைக் கூட்டும். அதன் மேல் போர்வையும் போர்த்தியிருந்தால் நடுப்பகுதி அளவுக்கு மீறிச் சூடேறும். வெடிப்பு மட்டும் என்றால் போர்வையை எடுத்து மின்விசிறியடியில் வையுங்கள், கையுறை போட்டு வெடிப்பை அழுத்தி மூடிவிடலாம். பொங்கி வழிந்தால் அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் கொட்டி, அடங்கும் வரை கிளறி, மறுபடி அச்சில் ஊற்றுங்கள். வழிந்தது காரம் மிஞ்சிய கலவை என்பதால் வெறுங்கையால் துடைக்காதீர்கள்.

## மேலே வெள்ளைப் பூச்சு, அல்லது உள்ளே வெள்ளைத் துகள்

இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவதுதான் அதிகம். ஒன்று வெறும் தோற்றக் குறை, மற்றது ஆபத்து.

மேற்பரப்பில் மட்டும், மாவுபோல். இன்னும் வினைபுரியாத காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சோடியம் கார்பனேட்டாகப் படிந்திருக்கிறது. கத்தியால் சுரண்டினால் அடியில் நல்ல சோப்பு தெரியும், சுரண்டிய பொடியில் வினிகர் விட்டால் நுரைக்கும். நீராவி காட்டியோ ஈரத்துணியால் துடைத்தோ நீக்கலாம், விட்டுவிட்டாலும் முதல் இரண்டு குளியலில் போய்விடும். அடுத்த முறை ஊற்றியதும் பிளாஸ்டிக் தாளால் மேற்பரப்பை மூடுங்கள், தண்ணீரையும் சற்றுக் குறையுங்கள்.

உள்ளே, வெட்டிய பக்கத்தில், நறநறவென்று. கரையாத காஸ்டிக் சோடாத் துகளாக இருக்கலாம். உருகாத கொழுப்புத் துளியும் இதே போல் தெரியும். கையுறையோடு ஒரு துகளைப் பிதுக்கிப் பாருங்கள். மெழுகாக நசுங்கினால் கொழுப்பு, பொடியாக உடைந்தால் காரம் என்று வைத்துக்கொண்டு, காரம் பட்டால் சிவக்கும் பினாப்தலீன் கரைசலால் சோதனை செய்யுங்கள் (முறை "குளித்தால் எரிகிறது" பகுதியில்). மேல்பூச்சைச் சுரண்டாமல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது, ஏனென்றால் கார்பனேட்டும் பினாப்தலீனை இளஞ்சிவப்பாக்கிவிடும். நல்ல சோப்பைக் காரம் மிஞ்சியது என்று தூக்கிப்போட்டவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சறுக்கினார்கள்.

## எண்ணெய் மிதக்கிறது, அல்லது குழிகளில் நீர் நிற்கிறது

அச்சின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் என்றால் இரண்டு நாள் விட்டுவிடுங்கள், பெரும்பாலும் திரும்ப உள்ளே போய்விடும். போகாவிட்டால் போலி ட்ரேஸில் ஊற்றியிருக்கிறீர்கள், அல்லது காஸ்டிக் சோடா குறைந்திருக்கிறது. வெட்டும்போது குழிக்குள்ளிருந்து தெளிந்த நீர் வழிந்தால் அதைக் காரக் கரைசல் என்றே கொள்ளுங்கள், காரத்தின் அளவைக் காட்டும் பிஎச் தாள் வைத்தால் 13க்கு மேல் காட்டும். எடைகள் சரியாக இருந்து கலப்பு மட்டும் தவறியிருந்தால் முழுவதையும் துருவி, வழிந்த நீரையும் விடாமல் சேர்த்து மறுபடி காய்ச்சலாம். அந்த நீரைக் கொட்டிவிட்டால் கணக்கும் அதோடு போய்விடும்.

## நாலு வாரமாகியும் மென்மையாக இருக்கிறது

ஐப்பசி, கார்த்திகை மழையில் உலர்வது தாமதமாகும், இன்னும் இரண்டு வாரம் கொடுங்கள். மேலே முத்து முத்தாக நீர் கோத்தால் அது எண்ணெயல்ல. சோப்பிலேயே உண்டான கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கிறது, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றினால் போதும்.

உலர்ந்த பருவத்திலும் மென்மையாகவே இருந்து, தொட்டால் விரலில் பிசுக்கு ஒட்டினால் எண்ணெய் மிஞ்சியிருக்கிறது. வலுவிழந்த காஸ்டிக் சோடா இந்த முகத்தோடுதான் அதிகம் வெளிப்படும். பயன்படுத்த ஆபத்தில்லை, சீக்கிரம் கரையும், சீக்கிரம் சிக்கு வாடையும் அடிக்கும். பிசுக்கு இல்லாமல் மென்மை மட்டும் என்றால், அடுத்த முறை எண்ணெயில் நூற்றுக்கு ஒரு பங்கு கல்லுப்பைத் தண்ணீரில் முதலில் கரைத்துவிட்டுப் பிறகு செதிலைத் தூவுங்கள்.

## குளித்தால் எரிகிறது

வயது. வினை ஓரிரு நாளில் பெரும்பாலும் முடிந்துவிடும் என்றாலும் சோப்பு சாந்தமாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் எடுத்திருந்தால் திரும்ப அடுக்கி வையுங்கள்.

வறட்சியா, எரிச்சலா. தேங்காய் எண்ணெய் மிகுந்த சோப்பு தோலின் எண்ணெயை வழித்து இழுவிசையான உணர்வைத் தரும். அது காரம் மிஞ்சியதல்ல, எண்ணெய்த் தேர்வு. வாசனை எண்ணெய் ஒவ்வாமையும் எரியும். வாசனையில்லாத ஒரு கட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

லிட்டர் கணக்கு. இதுவே நான் அதிகம் காணும் காரணம். எண்ணெய் உறையில் 1 லிட்டர் என்றும் பக்கத்தில் 910 கிராம் என்றும் அச்சிட்டிருப்பார்கள். நம் செய்முறையின் கிராம்களை மில்லி லிட்டராக அளந்து ஊற்றினால் எண்ணெய்க்குத் தேவைப்படும் காஸ்டிக் சோடா ஏறக்குறைய 146 கிராமாகக் குறைந்துவிடும். 150 போட்டதில் பாதுகாப்பு எண்ணெய் முழுவதும் தீர்ந்து, 4 கிராம் காரம் வெறுமனே நிற்கும்.

எண்ணெய் மாற்றம். தேங்காய் எண்ணெய் விலை ஏறியதென்று 500 கிராமையும் கடலை எண்ணெயாக மாற்றிவிட்டு, காஸ்டிக் சோடாவை மாற்றாமல் விட்டால் தேவை 135.2 கிராம்தான், 14.8 கிராம் மிஞ்சும். இந்தச் சோப்பு தோலைப் புண்ணாக்கும்.

சோதனைக்கு, புதிதாக வெட்டிய பக்கத்தில் ஒரு சொட்டு பினாப்தலீன் கரைசல் விடுங்கள். நிறம் மாறாமலோ வெளிர் சிவப்பாகவோ இருந்தால் இயல்பு, ஏனென்றால் நல்ல சோப்பின் பிஎச் மதிப்பே 9க்கும் 10க்கும் அருகில்தான் இருக்கும். உடனே அடர்ந்த ஊதாச் சிவப்பானால் காரம் மிஞ்சியிருக்கிறது. நாக்கில் வைத்துச் சுருக்கென்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. சந்தேகத்துக்குரிய பொருளை வாயில் வைத்துத்தான் சந்தேகம் தீர வேண்டும் என்பதில்லை.

மிஞ்சியது எவ்வளவு என்று எடைக்குறிப்பிலிருந்து கணக்கிட முடிந்தால் காப்பாற்றலாம். மேற்சொன்ன எண்ணெய் மாற்றத்தில், பழைய ஐந்து பங்குப் பாதுகாப்பைத் திரும்பப் பெற மொத்தத் தேவை 157.9 கிராமாக வேண்டும், குறைவது 22.7 கிராம். அதை 0.183ஆல் வகுத்தால் 124 கிராம் தேங்காய் எண்ணெய். சோப்பைத் துருவி, சிறிது தண்ணீரும் இந்த எண்ணெயும் சேர்த்து, எவர்சில்வர் பாத்திரத்தில் வெந்நீர்மேல் வைத்துக் கூழாகும் வரை காய்ச்சி, ஆறியதும் மறுபடி சோதியுங்கள். எடை எழுதி வைக்கவில்லை என்றால் அந்தச் சோப்பை உடம்புக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

## ஆரஞ்சுப் புள்ளியும் சிக்கு வாடையும்

சில மாதம் கழித்துத் தெரிவது இது. மிச்ச எண்ணெய் காற்றில் கெட்டுப்போகிறது. பழைய எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் அதிகம் சேர்த்தல், இரும்பு அலமாரியில் நேராக அடுக்குதல் ஆகிய மூன்றும் இதை விரைவுபடுத்தும். புள்ளி வந்ததைத் துணி துவைக்கப் போடுங்கள். வடை சுட்ட எண்ணெயில் செய்த சோப்புக்கும் அதே இடம்தான்.

## நுரை வரவில்லை, வாளியில் திரை படிகிறது

ஆர்ஓ நீரில் ஒரு முறை கை கழுவிப் பாருங்கள். அங்கே நுரை வந்தால் சோப்பில் குறையில்லை, உங்கள் குளியல் தண்ணீர் கடின நீர், கால்சியமும் மக்னீசியமும் மிகுந்தது. எண்ணெய் ஒரு கிலோவுக்கு 10 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்தால் திரை குறையும். அந்த அமிலம் 6.2 கிராம் காஸ்டிக் சோடாவைத் தின்றுவிடும் என்பதால் அதையும் கூடுதலாக நிறுத்துப் போட வேண்டும், நம் செய்முறையில் 156.2 கிராம்.

## எங்கே நிறுத்தி, யாரிடம் போவது

ஒரே செய்முறை, புதிய காஸ்டிக் சோடா, சரிபார்த்த தராசு ஆகிய மூன்றும் இருந்தும் இரண்டாவது முறையும் பினாப்தலீன் அடர் நிறம் காட்டினால் வீட்டுச் சோதனைகளை நிறுத்திவிட்டு, ஒரு கட்டியை வேதியியல் ஆய்வகத்தில் கொடுத்து, மிஞ்சிய காஸ்டிக் காரத்தை மட்டும் அளந்து தரச் சொல்லுங்கள். எடைக்குறிப்பையும் எண்ணெய் உறைகளின் படத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அவர்கள் வேலை சுருங்கும். தோலில் கொப்புளமோ வெளுத்த புண்ணோ இருந்தால் ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். காசுக்கு விற்பதானால் குளியல் சோப்பு இந்தியாவில் அழகுசாதனப் பொருளாகவே கருதப்படுகிறது. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி தயாரிப்பு உரிமம் வேண்டும் என்பதால், முதல் கட்டியை விற்பதற்கு முன்பே மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையை அணுகுங்கள்.